அதே நாலு இறகுதான் வெட்டினேன்

சௌந்திரத்துக்கு,

நீ கிணற்றடியில் இருக்கிறாய். நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதி வைத்துவிட்டுச் செந்தலைக்கிளியைத் தேடிப் போகிறேன். ஆற்றோரப் புளியமரங்களில் பார்க்கிறேன். சாவி மாடக்குழியில் இருக்கிறது. எனக்காகக் காத்திருக்காமல் சோறு சாப்பிடு. நேற்று ராத்திரியும் நீ சாப்பிடவில்லை.

நீ சொன்னதுதான் சரி. பறக்காமல் இருக்க இரண்டு கிளிக்கும் ஒரே மாதிரி நாலு இறகு வெட்டியது என் தப்பு. தோளில் சிவப்புப் பட்டை போட்ட பெரிய கிளிக்குக் கனத்த உடம்பு. இறக்கையை ஓங்கி ஓங்கி அடித்துத்தான் மேலே ஏறும். நாலு இறகு போனால் தரையில் விழுந்துவிடும். செந்தலையோ கைக்குள் அடங்குவது, விட்டால் அம்பாய்ப் போகிற சாதி.

"அது ஒடம்பு லேசுங்க. நாலு எறகு போனாலும் எந்திரிச்சுப் போயிருமுங்க, வெளிய உடாதீங்க" என்றாய்.

உன் அண்ணன் எதிரிலேயே, "உனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிக் கூண்டைத் திறந்தேன். கூரையைத் தாண்டிப் போய்விட்டது. நீ கையை வீசியதால்தான் மிரண்டது என்று பழியையும் உன்மேலேயே போட்டேன். நீ அவருக்கு மோர் கொண்டுவந்தாய். அதைக் குடிக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மத்தியானம் அவர் வந்தால் இந்தச் சீட்டைக் கொடு, படிக்கட்டும்.

அர்த்தநாரி

பெரிய கிளிக்குக் கொய்யாப்பழம் வைத்துவிட்டேன். வைக்கும்போது, "உனக்கென்ன தெரியும்?" என்றது, அச்சாக என் குரலில். ஒரே தடவை கேட்டதையெல்லாம் கிளி பிடித்துக்கொள்ளாது, சௌந்திரம்.