புளியங்கொட்டைப் பொட்டலங்கள்

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எட்டு மணிக்கே வெயில். கே.கே. நகர் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு பலகைக்கும் இரண்டாவது கோட் பெயின்ட். ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். ஓட்டையின் விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கட்டைவிரல் தோல் காலி.

எங்கள் எறி விளையாட்டுக்கு முதல் கல்யாண ஆர்டர்! இதுவரை இரண்டு பிறந்தநாள், ஒரு அபார்ட்மென்ட் விழா. கல்யாணம் வேறு. ஒரே நாளில் பத்து குடும்பமாவது "நம்ம வீட்டு விசேஷத்துக்கும் வைக்கலாமே" என்று நினைக்கும். நினைக்க வேண்டும்.

அம்மாவுக்கு மறுபடியும் விளக்கம். சரிவான பலகை, மேல்பக்கம் ஓட்டை. தள்ளி நின்று துணிப் பொட்டலத்தை எறிய வேண்டும். பலகையில் நின்றால் ஒன்று, ஓட்டைக்குள் விழுந்தால் மூன்று. முதலில் இருபத்தொன்று எடுப்பவர் ஜெயித்தார். அவ்வளவுதான்.

"இதுக்காடி கிளினிக் வேலைய விட்ட?"

தில்லை நகரில் டோக்கன் கொடுத்து, டாக்டர் தாமதமாக வந்ததற்கு நான் திட்டு வாங்கும் வேலை. ஆமாம், இதற்குத்தான் விட்டேன்.

ஆர்டர் கொடுத்தது கல்யாணப் பெண்ணே. நிவேதா. ஸ்ரீரங்கத்துப் பெண், பெங்களூரில் வேலை. போனில்: "எங்க ஆபீஸ்ல நான்தான் சாம்பியன். வெள்ளிக்கிழமை அவரையும் ஒரு கை பார்க்கணும்." அவர் என்றால் மாப்பிள்ளை. பிடித்துவிட்டது இவளை.

ஆகஸ்ட் 25, திங்கள்

நாசம். பொட்டலத்துக்குள் மக்காச்சோளம் போட்டிருந்தோம். எலி கடித்து எட்டில் ஐந்து ஓட்டை. மாடிப்படி முழுக்கச் சோளம்.

ஷாகுல் (கூட்டாளி, வேன் அவனுடையது) வந்து பார்த்துவிட்டு, "நம்ம பிசினஸ் எலிக்காவது புடிச்சிருக்கே" என்றான். உதைக்கலாம் போலிருந்தது. பிறகு சிரித்துவிட்டேன்.

காந்தி மார்க்கெட். மணல்? தையல் வழியே கசியும். புளி மண்டி வாசலில் சாக்கு சாக்காகப் புளியங்கொட்டை. கையில் அள்ளினேன். வழவழப்பு, கனம். எலி பல் பதியாது. கடைக்காரர்: "எதுக்கும்மா, பல்லாங்குழியா?" "எறியறதுக்கு." "எறியறதுக்கு எதுக்குக் காசு கொடுத்து வாங்குற?"

எட்டும் தைத்தாகிவிட்டது. எறிந்தால் 'சளக்' என்று ஒரு சத்தம். சோளத்தில் இந்தச் சத்தம் கிடையாது. ஷாகுலை மூன்று ஆட்டம் தோற்கடித்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை. ஸ்ரீரங்கம் போய்ப் பெண்ணின் அப்பாவைப் பார்த்தேன். பேங்கில் இருந்து ரிட்டயர்ட். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், தேங்காய், தாம்பூலப் பை. பேர் கேட்டார்.

"ரெஜி."

"முழுப் பேர்?"

"ரெஜினா மேரி."

"ஓ. நல்லது, நல்லது."

எல்லோருக்கும் டபராவில் காபி. எனக்குப் பேப்பர் கப். குடித்தேன். காபி நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல்.

"உள்ளே என்ன, தானியமா? கால்ல மிதிபடப்படாது பாருங்கோ."

"புளியங்கொட்டை சார்."

நிம்மதி அவருக்கு. வாசல் வரை கூடவே வந்தார். குரலை இறக்கி:

"கணக்கு நீங்கதானே சொல்லுவேள்? பொண்ணாத்துக்காரா ஜெயிக்கற மாதிரி ஆகப்படாதும்மா. சம்பந்தி முன்னாடி நன்னாயிருக்காது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ."

"பொய்க் கணக்கு சொல்ல மாட்டேன் சார்."

"பொய்யில்லைம்மா. மரியாதை." கொஞ்சம் நிறுத்தி, "எங்க சொந்தத்துல தை வரைக்கும் நாலு கல்யாணம் இருக்கு. நான் சொன்னா உங்களைத்தான் கூப்பிடுவா."

கும்பிட்டுவிட்டு வேனில் ஏறினேன். பாலத்தில் வரும்போது ஷாகுலிடம் கத்தினேன். பெண்ணையும் கொடுத்து, சாப்பாடும் போட்டு, விளையாட்டிலும் தோற்க வேண்டுமா? அவன், "நாலு கல்யாணம் ரெஜி" என்றான். "பொட்டலம் ஓட்டைக்குள்ள விழுந்தா மூணு. யார் போட்டாலும்" என்றேன். அவன் கியரை மாற்றினான். அவனுக்கு வேன் தவணை இருக்கிறது. எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எழுத உட்கார்ந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் வருகிறது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் முகூர்த்தம். மதியம் நலங்கு: தேங்காய் உருட்டல், அப்பளம் உடைத்தல். அது முடிந்து, வரவேற்புக்கு முன்னால் நாங்கள். மண்டபத்துப் புல்தரை. வெயில் இறங்கவில்லை. முதலில் யாரும் கிட்ட வரவில்லை. ஒரு மாமா பலகையைத் தட்டி, "இது என்ன, சறுக்குமரமா?" என்றார்.

நிவேதா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து முதல் பொட்டலம் எறிந்தாள். சளக். நேரே ஓட்டை. கூட்டம் கூடிவிட்டது!

மாப்பிள்ளை நல்ல மனுஷன், எறியத்தான் வரவில்லை. இருபத்தொன்றுக்கு ஆறு. சிரித்துக்கொண்டே கும்பிடு போட்டார். அவருடைய பெரியப்பா நாற்காலியில் இருந்து: "கழுத்துல தாலி ஏறி அரை நாள் ஆகலை. இப்பவே இவன் தோத்தாச்சு!" எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா, எல்லோருக்கும் மாமி, எழுந்தார். கனத்த உடம்பு, மடிசார். செருப்பை உதறினார். "என் பையனைத் தோக்கடிச்சுட்டு நீ பாட்டுக்குப் போயிடுவியா? வா."

அவர் ஒரு பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்ப்பதற்குள் பெண்ணின் அப்பா நிவேதாவின் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். என்ன என்று எனக்குத் தெரியாதா?

மாமி எறிந்தது பலகையில் நின்றது. நிவேதாவுடையது புல்லில். மாமி மறுபடி பலகை. நிவேதா மறுபடி புல். மூன்றாவதும் புல். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. பொட்டலத்தைப் பிடித்து என் கன்னத்தில் எறிந்த மாதிரி இருந்தது எனக்கு.

மாமி நிறுத்தினார்.

"வேணும்னுட்டே வெளியில போடறே."

"இல்லம்மா. கை வழுக்கறது."

"என் பையனுக்குப் போட்டப்போ வழுக்கலையே?"

மாமி என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா பலகைக்காரப் பொண்ணே, கணக்கை அழி. விட்டுக்கொடுத்து ஜெயிச்சேன்னு எனக்கு வேண்டாம். மொதல்லேர்ந்து."

ஆட்டத்தில் அப்படி ஒரு விதியே கிடையாது. அழித்தேன். இவ்வளவு சந்தோஷமாக எதையும் அழித்ததில்லை.

அதற்கப்புறம் என்ன ஆட்டம்! போட்டோகிராபர் "மேக்கப் கலையுது மேடம்" என்று கெஞ்சினார். சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். மாமி எறியும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிறார். தவறினால் பலகையைத் திட்டுகிறார். கடைசியில் மாமி இருபது, நிவேதா பதினெட்டு. நிவேதா கையில் ஒரு பொட்டலம். அப்பா பக்கம் திரும்பவே இல்லை அவள்.

சளக்.

நடுவர் கத்தக் கூடாது. கத்தினேன். வேனின் மேல் நின்றுகொண்டு ஷாகுல் விசில்.

இதையும் எழுத வேண்டும். பெண்ணின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மாமி முன்னால் கை கூப்பினார். "குழந்தை தெரியாம..." மகள் ஜெயித்ததற்கு மன்னிப்பு.

மாமி: "என்ன தெரியாம? அவளுக்கு நன்னாத் தெரியறது. வாங்கோ, நீங்க ஒண்ணு போடுங்கோ."

பஞ்சகச்சத்தோடு நின்று எறிந்தார். பாதி தூரம்கூடப் போகவில்லை. புல்லில் பொத்தென்று. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிக்கலாமா என்று பெரியப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து எண்ணினால் எட்டில் ஏழு பொட்டலம்தான்.

ஆகஸ்ட் 30, சனி

மழை. உடம்பு வலி. நேற்றுக் கைதட்டியதெல்லாம் சரி. கிளம்பும்போது பார்த்தேன், மாப்பிள்ளை வீட்டுப் பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார் பெண்ணின் அப்பா. அவர் சாப்பிட்டாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு ஆட்டத்தில் ஒன்றும் மாறாது. நாலு கல்யாணமும் போச்சு என்கிறான் ஷாகுல். போகட்டும். லால்குடியில் ஒரு ஸ்கூல் விழாவுக்கு விசாரித்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் போன். ஸ்ரீரங்கத்து நம்பர். பெண்ணின் அப்பா. திட்டுவதற்குத்தான் என்று நினைத்து எழுந்து நின்றுகொண்டு எடுத்தேன்.

"ரெஜினாம்மா, உங்க பொட்டலம் ஒண்ணு எங்காத்து தாம்பூலப் பையோட வந்துடுத்து."

"பரவாயில்ல சார், வந்து வாங்கிக்கறேன்."

"இல்லை... இன்னும் ரெண்டு வாரம் இருக்கட்டுமா? சம்பந்திக்குச் சஷ்டியப்தபூர்த்தி வரது. அந்தப் பலகை அங்கேயும் வேணுமாம், மாமி உங்க நம்பர் வாங்கிண்டா. என்னையும் ஆடச் சொல்லியிருக்கா."

"ஆடுங்க சார்."

"மாடியில பக்கெட்டை வெச்சுண்டு போட்டுப் பார்த்துண்டிருக்கேன். உள்ளேயே விழ மாட்டேங்கறது."

அவரே தொடர்ந்தார். குரலை இறக்கி, வாசலில் நின்று சொன்னாரே, அதே குரலில்:

"தோத்துத்தான் போகணும். ஆனா பலகையிலயாவது விழணும், இல்லையா?"