லாரிக்குள் ஒன்பதரை மணி வகுப்பு

ஆடி 2, வெள்ளி

காற்று. வாசலெல்லாம் புழுதி. ஊரடங்கு நான்காம் மாதம்.

இன்று செய்தவை: மூன்று வகுப்பு. மூன்றுக்கும் ஸ்கிரீன்ஷாட். அதை அனுப்பியதற்கு இன்னொரு ஸ்கிரீன்ஷாட். கேட்டவர் எங்கள் துறைத்தலைவர். இனி து.த. அந்த ஆளின் பெயரெழுதி மையை வீணாக்க மாட்டேன்.

திங்கள் ஒன்பதரை வகுப்பில் வந்து உட்காருவாராம். கணக்குத் துறையில் ஒருவரைக் குறைக்கிறார்கள். நானா, கவிதாவா என்பது அன்று முடிவாகும். கவிதாவுக்கு ஏசி அறை, பின்னால் புத்தக அலமாரி. எனக்கு மாமனாரின் டிவி, பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம். கதவைச் சாத்தி உட்கார ஒரே இடம், லோடு இல்லாமல் வாசலில் நிற்கும் எங்கள் லாரியின் கேபின். ஒன்பது வருட சர்வீஸ். தூ.

ஆடி 4, ஞாயிறு

வீட்டுக்காரருக்கு லோடு கிடைத்துவிட்டது. நாளை மத்தியானம் கிளம்புகிறார். நாலு மாதத்தில் முதல் லோடு. சந்தோஷப்பட வேண்டும். படவில்லை.

"ஏனுங்க, பத்தரை வரைக்கும் வண்டியத் தொடாதீங்க."

"செரி புள்ள, ஆரு தொடறா?"

சீட்டைத் துடைத்தேன். பின்னால் வெள்ளை வேட்டி கட்டி மறைத்தேன்.

ஆடி 5, திங்கள்

அமாவாசை. மறந்தே போனேன். வண்டிக்குப் பூஜை போடாமல் முதல் லோடுக்கு எவன் கிளம்புவான்? ஒன்பது வரை ராகுகாலம், பத்தரைக்கு எமகண்டம். நடுவில் அகப்பட்டது என் வகுப்பு.

வகுப்பு தொடங்கிப் பத்தாவது நிமிடம் வீட்டுக்காரர் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கையால் விரட்டினேன்.

"ஒரே நிமிசம். நீ பாட்டுக்கு நடத்து புள்ள."

கீழே மாமனார் மணியடிக்கிறார். பூசணிக்காய் உடைகிறது. இன்ஜின் உறுமுகிறது. ஜன்னல் வழியே அத்தை கற்பூரத் தட்டை நீட்டினார். "ஒத்திக்க சாமி." பாழாய்ப் போன என் கை, கேமரா முன்னாலேயே தானாகப் போய் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டது. சக்கரத்தடி எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு லாரி நகர்ந்தது.

மூன்று மாதமாகக் கேமரா திறக்காத கழுதைகள் அத்தனையும் இன்று திறந்தன. எருமப்பட்டிப் பையன் ஒருவன்: "மேடம், எங்கூட்டு வண்டிக்கும் இன்னைக்குத்தானுங்க பூசை!"

து.த.: "மேடம், எங்க போயிட்டிருக்கீங்க?"

"எங்கேயும் போகலைங்க சார்" என்றேன். லாரி போய்க்கொண்டிருந்தது.

ஆடி 7, புதன்

காற்று நிற்கவில்லை. வாசலில் காய்ந்த எலுமிச்சைத் தோல், இன்னும் யாரும் கூட்டவில்லை. நானும் கூட்ட மாட்டேன்.

காலையில் அவர் போன்: "பூசை போட்டதுல வண்டி ஜம்முனு போவுது புள்ள." நல்லா போகட்டும்.

பதினோரு மணிக்கு மெயில். து.த. கையெழுத்து. ஒன்பது வருடத்துக்கு இரண்டே வரி. கவிதாவிடமிருந்து "சாரி அக்கா", கூடவே ஓர் அழுகிற பொம்மை. போடி.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பூஜை போட்டதற்காக வருத்தப்படுவார். படட்டும், ஆனால் ஊர் வந்து சேர்ந்த பிறகு.

மெயிலை மறுபடி படித்தேன். "நாளை முதல் தாங்கள் வரத் தேவையில்லை." எங்கே? கல்லூரியைக் கண்ணால் பார்த்தே நாலு மாதம். லாரியும் திங்களே போய்விட்டது.