குறி சரி என்று சொன்னது நான்தான்

என் அருமை மகனுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் சின்னக்குட்டியும் நோய்நொடி அண்டாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறந்தேன். இங்கே நானும் அப்பாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், நடமாடுகிறோம், அந்த மட்டில் நலம். வாரா வாரம் போனில் பேசுகிறவளுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் இருப்பதும் கூடத்தில், உன் அப்பா இருப்பதும் கூடத்தில், அவருக்கோ பாம்புச் செவி. அவர் காதில் விழக் கூடாத சங்கதி இது. பாதியில் பதறிப்போய் போன் போட்டுவிடாதே, கடைசிவரை படி.

அப்பாவுக்குக் கண் எப்படி இருக்கிறது என்று போன மாதம் கேட்டாய், ஜம்மென்று இருக்கிறார் என்றேன். பச்சைப் பொய். ஒன்றரை வருடமாகவே அவருக்கு நேராகப் பார்ப்பது மறைகிறது, ஓரத்தில் இருப்பதுதான் தெரிகிறது. நீ அனுப்பிய சின்னக்குட்டியின் போட்டோவைக்கூட முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால்தான் பார்த்தார், பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்றார், நான் அடுப்படிக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். டாக்டர் இதற்கு மேல் மோசமாகாமல் பார்க்கலாம், போனது போனதுதான் என்று சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் தலையில் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார், கல்லுளிமங்கன். சத்தியத்தை இன்று உடைக்கிறேன், பாவம் என்னோடு போகட்டும். இந்த மாதிரிக் கண் கோளாறு பரம்பரையாகவும் வருமாம், நீயும் போய் ஒருமுறை காட்டிவிடு, வேலை வேலை என்று தட்டிக்கழிக்காதே.

அப்படியானால் வண்டிப் பட்டறை எப்படி ஓடியது என்று கேட்பாய். அவர் கையும் என் கண்ணுமாக ஓடியது. பாதி வேலைக்கு அவருக்குக் கண்ணே வேண்டாம், எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்தே சொல்லிவிடுவார். எழுத்து, எண், கோடு, புள்ளி இவற்றுக்கு மட்டும்தான் நான். யாராவது வந்தால் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற மாதிரி பக்கத்தில் நின்று, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வேன். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும். கல்யாணமான நாள் முதல் குறுக்கே வராதே என்று பட்டறையை விட்டு விரட்டியவர், இப்போது நான் இல்லாமல் ஒரு போல்ட்டை முறுக்க மாட்டார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற வேன்காரரை உனக்குத் தெரியும், நீ காலேஜ் போன காலத்திலிருந்தே அப்பாவைத் தவிர வேறு யாரையும் வண்டியில் கை வைக்க விடாதவர். ஐந்து வாரத்துக்கு முன்னால் வேன் கொதித்துப்போய் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு வந்தது. இன்ஜின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, தண்ணீர் எண்ணெயில் இறங்கிவிட்டது என்று அப்பா மூடியைத் திறந்து முகர்ந்ததுமே சொல்லிவிட்டார். ஹெட்டைக் கழற்ற வேண்டுமென்றால் மேல் சக்கரத்தையும் கீழ்ச் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றுகிற டைமிங் பெல்ட்டையும் கழற்ற வேண்டும், திரும்ப மாட்டும்போது கீழே கிராங்க்கில் இருக்கிற குறியும் மேலே கேம் சக்கரத்தில் இருக்கிற குறியும் அதனதன் இடத்தில் நிற்க வேண்டும், ஒரு பல் தள்ளினாலே வம்பு, அதற்கு மேல் தள்ளினால் பிஸ்டன் மேலே வருகிற நேரத்தில் வால்வு திறந்து நிற்கும், இரண்டும் முட்டிக்கொள்ளும். மெக்கானிக் பெண்டாட்டிக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். கீழே இருப்பது வெட்டு, அதை அவர் நகத்தால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். மேலே இருப்பது வெறும் பெயிண்ட் புள்ளி, பக்கத்தில் இருக்கிற கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும், தடவினால் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியது நான். குறியை நேருக்கு நேர் நின்று பார்க்க வேண்டும், கீழே இருந்து அண்ணாந்து பார்த்தால் தள்ளி இருப்பதும் சேர்ந்திருப்பது போலக் காட்டும் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறார். வேன் உயரமானது, ஸ்டூல் போட்டு ஏறினால்தான் நேராகத் தெரியும்.

அன்றைக்கு நான் ஸ்டூலில் ஏறவில்லை. முட்டி வலி. அதுவும் இல்லாமல் வேன்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார், இவள் எதற்கு வண்டிமேல் ஏறுகிறாள் என்று நினைப்பாரோ என்று ஒரு கூச்சம். தரையில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தேன், புள்ளியும் கோடும் ஒன்றாகத் தெரிந்தது, சரி என்றேன். பெல்ட்டை மாட்டினார். வழக்கம்போல ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் நீள ஸ்பானர் போட்டுக் கையாலேயே இன்ஜினைச் சுற்றினார். ஒரு இடத்தில் நின்றார். என்னமோ இடிக்குது, குறியை இன்னொரு தடவை பாரு என்றார். நான் பார்த்தேனா? பார்த்தேன், அதே இடத்தில் நின்று. அதான் சரியா இருக்குன்னு சொல்றேன்ல, உங்களுக்கு எதுலதான் நம்பிக்கை என்று எரிந்து விழுந்தேன். ஐயோ, அந்த நாக்கை என்ன செய்தால் தகும். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார், என் கைதான் தளர்ந்துபோச்சு போல என்று சொல்லி, அழுத்திச் சுற்றிவிட்டுச் சாவியைப் போட்டார். அந்தச் சத்தத்தை உனக்கு எப்படி எழுதுவது. இரும்புப் பாத்திரத்தை மாடிப்படியில் உருட்டிவிட்டது போல இருந்தது, அவ்வளவுதான், இன்ஜின் நின்றுவிட்டது.

இரண்டு பல் தள்ளி இருந்தது, வால்வு எல்லாம் வளைந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா வேன்காரரிடம் என் தப்புதான், குறியைக் கவனிக்காம மாட்டிட்டேன் என்று சொல்லிவிட்டார். வேன்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பிள்ளைங்க பரீட்சை நேரம் அண்ணே என்று மட்டும் சொல்லி, வேனைக் கயிறு கட்டி வேறு பட்டறைக்கு இழுத்துப் போனார். அன்றிலிருந்து நம் வாசலில் ஒரு வண்டி நிற்கவில்லை. நான்தானே தப்பாச் சொன்னேன், போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன். தப்பு பண்ணின மெக்கானிக்கிட்ட திரும்பவும் வண்டி வரும், கண்ணு தெரியாத மெக்கானிக்கிட்ட எவன் வருவான், பேசாம இரு என்று அப்பா ஒரே அதட்டு. பகலெல்லாம் பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைத் தடவிக்கொண்டிருப்பார். தன் கை பொய் சொல்லிவிட்டது என்றுதான் அவர் இன்னும் நினைக்கிறாரா, என்னைக் காப்பாற்ற அப்படி நடிக்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. அந்தக் கை பொய் சொல்லவில்லையடா. இடிக்கிறது என்று சொன்னதே அதுதான்.

என்னால் தாங்க முடியவில்லை. நேற்றுக் காலை கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேன்காரர் வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அப்பாவின் கண், என் முட்டி, நான் எரிந்து விழுந்தது, ஒன்று விடவில்லை. வேன்காரர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார், அண்ணனுக்குக் கண்ணு தெரியலைன்னு எனக்கு ஒரு வருஷமாவே தெரியும்மா, நீங்க காதுல சொல்றதைப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன், அன்னைக்கு நீங்க ஸ்டூல்ல ஏறலையேன்னுகூட நினைச்சேன், கேட்டா அவர் மனசு ஒடிஞ்சிடும்னு வாயை மூடிக்கிட்டேன் என்று. வேறு பட்டறையில் செய்தது ஓடுகிறதாம், ஆனால் அண்ணன் கை மாதிரி இல்லையாம், அடுத்த மாதம் கிளட்ச் வேலைக்கு நம்மிடமே வரலாம் என்று முந்தின நாள்தான் அப்பாவுக்குப் போன் பண்ணியிருக்கிறார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. தெரியாத மாதிரி இருக்கிற வரைக்கும் வந்துக்கிட்டு இருந்தேன், இப்ப நீங்களே வந்து சொல்லிட்டீங்க, பதினெட்டுப் பிள்ளைங்க ஏறுற வண்டி, நாளைக்கு ஒண்ணுன்னா நான் யாருக்கும் பதில் சொல்ல முடியாதும்மா, இனிமே கொண்டுவர முடியாது, மன்னிச்சிடுங்க என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. முதல் தடவை சரியாகப் பார்க்காமல் சொல்லிக் கெடுத்தேன், இரண்டாம் தடவை உண்மையைச் சொல்லிக் கெடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் உன் அப்பா முகச்சவரம் செய்து, ஸ்பானர்களை மண்ணெண்ணெயில் கழுவி அளவுப்படி வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறார். என்னிடம் போனைப் பற்றி மூச்சுவிடவில்லை, வேன் வாசலுக்கு வந்ததும் நான் ஆச்சரியப்பட வேண்டும் என்று நினைக்கிறார் போல. நேற்றிலிருந்து மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன், மூன்று தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். லீவு கிடைக்குமா ராசா? நீ வந்து எதையும் பேச வேண்டாம், தீர்த்தும் வைக்க வேண்டாம். நான் அவரிடம் சொல்கிற அன்றைக்கு நீ வீட்டில் இருந்தால் போதும்.

நீயும் உன் குடும்பமும் குறைவில்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும், குட்டிக்கு என் முத்தம். கண்ணைக் காட்ட மறக்காதே. போனில் வேன் என்ற வார்த்தையே எடுக்காதே. இப்போது அப்பா உள்ளே வந்து யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார், உனக்கு என்றேன். நான் நல்லா இருக்கேன்னு எழுது, அடுத்த மாசத்திலிருந்து வேலை திரும்ப வந்துடும்னு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா