உனக்கு எதுக்குப் பத்திரிகை?

விரல் நுனியெல்லாம் மஞ்சள். காலையில் பத்திரிகை உறைகளின் நான்கு மூலையிலும் தடவியது, சோப்பு போட்டும் போகவில்லை. காபி டம்ளரில்கூட அந்த வாசனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடையாறில் சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். முதல் உறையை எடுத்து, யோசிக்காமல் உன் பெயரை எழுதிவிட்டேன். எழுதி முடித்த பிறகுதான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இரண்டு வருடம் ஆகப்போகிறது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. உன்னை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் வருவது அதுதான். செத்துப்போனவளிடம் என்ன கோபம் என்று என் கணவர் கேட்கிறார். அவருக்கு என்ன தெரியும்.

தரமணியில் நமக்கு என்ன வேலை கொடுத்திருந்தார்கள், யோசித்துப் பார். கம்பெனியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு, ஒருவரோடு ஒருவர் தெளிவாகப் பேசுவது எப்படி என்று வகுப்பெடுக்கிற வேலை. அதற்கும் பல வருடம் முன்பே சிநேகிதிகளான நாம், அதைப் பதினோரு வருடம் சேர்ந்து எடுத்தோம். திரையில் மூன்று கட்டம் வரும்: சொல்கிறவர், செய்தி, கேட்கிறவர். நடுவில் அம்புக்குறி. "இந்த அம்பு போய்ச் சேர்ந்த மாதிரிதான்" என்று முதல் நாளே என் காதில் சொன்னாய். உடனே பிள்ளைகள் பக்கம் திரும்பி, பவ்யமான குரலில், "உங்களுக்கு என்ன புரிஞ்சுதோ அதத் திருப்பிச் சொல்லுங்க. அவங்களுக்கே தெரியும்னு மட்டும் எப்பவும் நெனச்சுக்காதீங்க" என்றாய். அதை நீ சொல்லி நான் எத்தனை முறை கேட்டிருப்பேன், நான் சொல்லி நீ எத்தனை முறை கேட்டிருப்பாய்.

அப்புறம் உன் மகள் ஹரிணியின் கல்யாணம் வந்தது.

ஒரு திங்கட்கிழமை குங்குமச் சிமிழோடு ஆபீஸ் முழுக்கச் சுற்றினாய். ஒவ்வொருவர் மேசையிலும் நின்று, கொடுத்து, "குடும்பத்தோட வரணும்" என்றாய். போன மாதம் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்தாய். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும் கொடுத்தாய். என்னிடம் வந்து, மீதிப் பத்திரிகைகள் இருந்த துணிப்பையை என் நாற்காலிக்கு அடியில் தள்ளி, "இதப் பத்திரமா பாத்துக்கோடி, நாலாவது மாடி இன்னும் பாக்கி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாய். நீ போனதும் பையைத் திறந்து ஒவ்வொரு உறையாகப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் பெயர் இல்லை.

வீட்டுக்கு வந்து வைப்பாய் என்று இருந்தேன். மந்தைவெளியிலிருந்து ராஜா அண்ணாமலைபுரம் என்ன தூரம், நடந்தே வரலாம். இரண்டு வாரம், அழைப்பு மணி அடித்தபோதெல்லாம் நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். கூரியர், பால் பாக்கெட், எதிர்வீட்டுக்கு வந்த பீட்சா. "மறந்திருப்பாங்க, ஒரு வார்த்தை கேளேன்" என்றார் கணவர். "இதையெல்லாம் கேட்டா வாங்குவாங்க?" என்று அவர்மேல் பாய்ந்தேன். உலகத்துக்கே "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று பாடம் எடுக்கிறவள் சொன்ன பதில் இது.

காலை முகூர்த்தத்துக்கு நான் வரவில்லை. மாலை வரவேற்புக்கு மட்டும், மனசு கேட்காமல் வந்தேன். மண்டப வாசலில் யாரோ ஒரு பெண் என் மேல் பன்னீர் தெளித்து, சந்தனக் கிண்ணத்தை நீட்டி, "வாங்க ஆன்ட்டி, பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டாள். ஹரிணி முதன்முதலில் பள்ளிக்கூடம் போன அன்று அவளுக்குத் தலை பின்னிவிட்டவள் நான். மேடையேறி ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டேன். "சாப்டுட்டுதான் போகணும்" என்றாய், வரிசையில் முன்னால் நின்றவர்களிடம் சொன்ன அதே குரலில். சாப்பிடாமல் கிளம்பினேன். உனக்குப் புரியட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன்.

உனக்கும் புரிந்தது, வேறு ஒன்று.

எட்டு மாதம். கையை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, "இணைப்பைப் பார்க்கவும்" என்று ஒருவருக்கொருவர் மெயில் அனுப்பினோம். மதியம் அதே திரை, அதே அம்புக்குறி, "புரிஞ்சத திருப்பிச் சொல்லுங்க." பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பாவம்.

புரட்டாசியில் ஒரு மாலை, மழையில் ஆபீஸ் பஸ் வராததால் இருவரும் ஒரே ரயிலில் ஏற வேண்டியதாயிற்று. திருவான்மியூர் தாண்டியதும் நீதான் ஆரம்பித்தாய்.

"மாப்பிள்ள வேற சாதிங்கறது உனக்குப் புடிக்கல. நேராச் சொல்லியிருக்கலாம்ல?"

"யாருடி சொன்னா?"

"யாரு சொல்லணும்? பேசி முடிச்சாச்சுன்னு சொன்ன அன்னிக்கே 'நல்லா யோசிச்சியா'ன்னு கேட்ட. காலைல வரல. சாயங்காலம் வந்து ஒரு வாய் சாப்பிடாமப் போயிட்ட."

எட்டு மாதமாக என்னைப் பற்றி நீ இதை நினைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய்.

"கல்யாணமானா ஹரிணி பெங்களூர் போகணுமே, இங்க இருக்கற வேலைய விடணுமேன்னு கேட்டேன்டி! நீ பத்திரிகையே வைக்கல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு முகூர்த்தத்துக்கு வர்றது?"

"பத்திரிகையா? உனக்கா?" உன் கண் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. "உனக்கு எதுக்குடி பத்திரிகை? அது வெளியாளுக்கு. நீ வந்து வாசல்ல நிப்பன்னு பன்னீர்ச் சொம்ப எடுத்து வச்சிட்டு காலைல அஞ்சு மணிலேர்ந்து பாத்துட்டு இருந்தேன். ஏழு மணி வரைக்கும் அந்த இடத்துல வேற யாரையும் நிக்க விடல."

"அத எங்கிட்ட சொன்னியா?"

"சொல்லணுமா? உனக்கே தெரியும்னு நெனச்சேன்."

நான் கத்தியது பெட்டி முழுக்கக் கேட்டிருக்கும். பூக்கூடையோடு எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா பொறுக்க முடியாமல் சொன்னார்: "யம்மா, கிரீன்வேஸு ரோடு போயி, மந்தவெளியும் போய்க்கினு கீது. எறங்குறீங்களா, இல்ல பீச்சு வரிக்கும் சண்ட போட்டுகினே வரப் போறீங்களா?"

திருமயிலையில் இறங்கினோம். பிளாட்ஃபார பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். பிறகு நீ அந்த வகுப்புக் குரலை எடுத்தாய். "உங்களுக்கு என்ன புரிஞ்சுதோ அதத் திருப்பிச் சொல்லுங்க."

"பத்திரிகை வைக்கலன்னா நான் வீட்டு ஆளு" என்றேன். "நீ சொல்லு."

"சாப்பிடாமப் போனா உனக்குப் பத்திரிகை வரல." சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன். மன்னிப்பு நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பத்து வாரம்தான் இருந்தாய். மாரடைப்பு. இரண்டு நாளாகவே தோள்பட்டை வலித்ததாம். வீட்டில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. முகத்தைப் பார்த்து அவர்களுக்கே தெரியும் என்று இருந்தாயா? இதைக் கேட்டுச் சண்டை போட நீ இல்லை. அந்த எட்டு மாதத்தைத்தான் இன்னும் என்னால் தாங்க முடியவில்லை. நம்மிடம் மிச்சமிருந்ததே பத்தரை மாதம். அதில் எட்டை மெயிலில் விட்டோம்.

நான் இன்னும் அதே வகுப்பைத்தான் எடுக்கிறேன். ஆட்டோக்காரரிடம் எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று மூன்று தடவை சொல்கிறோம். நெருங்கியவர்களிடம் மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, அவர்கள் தப்பாகத் திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். இதைப் பிள்ளைகளிடம் சொல்கிறேன். எழுதிக்கொள்கிறார்கள்.

மதியம் உன் வீட்டுக்குப் போனேன். ஹரிணி பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள். குங்குமச் சிமிழைத் திறந்து பத்திரிகையை நீட்டினால், அவள் உன்னை மாதிரியே கண்ணை விரிக்கிறாள். "எனக்கு எதுக்கு ஆன்ட்டி பத்திரிகை? நான் என்ன வெளியாளா?"

எனக்கு வந்ததே கோபம். "வாய மூடிட்டு வாங்கிக்கோ. ஞாயித்துக்கிழம நீதான் வாசல்ல நிக்கணும். இப்பத் திருப்பிச் சொல்லு."

"ஐயோ, ஆன்ட்டி..."

"சொல்லுடி."

"காலைல அஞ்சரை. வாசல். பன்னீர்ச் சொம்பு என் கைல."

"அப்புறம்?"

"சாப்பிடாமப் போகக் கூடாது." ஏன் என்று அவள் கேட்கவில்லை. நீ சொல்லியிருக்கிறாய் போலிருக்கிறது. ஒருத்தியிடமாவது சொன்னாயே.

உன் பெயர் எழுதிய உறை என் கைப்பையில்தான் இருக்கிறது. அதைக் கிழிக்கவோ வேறு பெயர் எழுதவோ கை வரவில்லை. உள்ளே கடைசி வரியாக, எல்லாப் பத்திரிகையிலும் போடுவதைத்தான் போட்டிருக்கிறார்கள்: இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொள்ளவும். அந்த வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். இன்றைக்கு மட்டும் அதை உனக்கு வைக்கிறேன். எதற்கு என்று கேட்காதே, வாங்கிக்கொள்.