ஊர் திரும்ப அனுமதி

லியேஜ், பெல்ஜியம்
11 மார்ச் 1996, திங்கள்

அன்புள்ள டெல் அண்ணாவுக்கு,

லோர்னா எழுதுவது. நான் நலம். உன் நலத்துக்கு ஜெபிக்கிறேன். அம்மாவுக்கு நான் வாராவாரம் எழுதுவதை நீயும் படித்திருப்பாய். அவை பொய் அல்ல, ஆனால் பாதிதான். மீதியை உனக்கு மட்டும் எழுதுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம் வீட்டுக்கு வராமல் நீ வேலை பார்க்கும் டிராக்டர் பட்டறைக்கு வருகிறது.

இங்கே ஊழியக்காரர்களின் நாள் எப்படி என்று, கொரியாவில் ஊழியம் செய்த உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறரைக்கு எழுந்து ஜெபம், வேதம், பிரெஞ்சுப் பாடம். பிறகு மழையில் படி ஏறி இறங்குவது, கதவைத் தட்டுவது. மூன்று மாதத்தில் மூன்று பேர் உள்ளே கூப்பிட்டார்கள். அதில் ஒருவர், நாங்கள் கேஸ் மீட்டர் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்.

ஊழியத்தில் என் ஜோடி தெயுரா, தாஹிட்டித் தீவுக்காரி. பிரெஞ்சிலேயே வளர்ந்தவள். குளிருக்கு மூன்று ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, வாசலில் நிற்பவர்களைச் சிரிக்கவைத்துவிடுவாள். ஒருத்தியை விட்டு ஒருத்தி தனியாகப் போகக் கூடாது என்பது உனக்கே தெரியுமே.

ஜனவரியில் சபை விருந்தில் ஒருவர் என் தட்டில் இன்னும் இரண்டு இறைச்சி உருண்டை வைக்க வந்தார். வயிறு நிரம்பிவிட்டது என்று பிரெஞ்சில் சொன்னேன். நான் சொன்னது “நான் சினையாக இருக்கிறேன்” என்று ஆகிவிட்டது. மாட்டுக்குச் சொல்லும் வார்த்தை! மேசையே குலுங்கியது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன். தெயுரா விளையாட்டாகக் கீழ்வீட்டு மதாம் தொனோனிடம் சொல்லிவிட்டாள். சுரங்கத்தில் கணவரைப் பறிகொடுத்தவர், எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். அதற்கப்புறம் என்னைப் படியில் பார்க்கும்போதெல்லாம், “என்னடி, கன்னுக்குட்டி எப்போ?” என்பார். நான் பேசுவதையே விட்டுவிட்டேன். வாசலில் தெயுரா பேசுவாள். நான் பக்கத்தில் நின்று புன்னகைப்பேன்.

பிப்ரவரி கடைசியில் ஒரு காலை அலாரம் அடித்தது. என்னால் எழ முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தேன். மறுநாளும் அப்படித்தான். ஒரு வாரம் ஆயிற்று. தெயுரா சோறு வடித்துக் கொடுத்தாள், கேட்டவர்களிடம் ஃப்ளூ என்றாள், ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. வியாழக்கிழமை மிஷன் தலைவர் வருவதாக இருந்தது. ஊருக்கு அனுப்பிவிடச் சொல்லிக் கேட்பது என்று முடிவு செய்து, பெட்டியைக் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

கட்டும்போது உன் ஞாபகம்தான். இரண்டு வருட ஊழியத்தை முடிக்காமல் கொரியாவிலிருந்து ஏழே மாதத்தில் நீ திரும்பிய அன்று அப்பா விமான நிலையத்துக்கு வர மறுத்தார். பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு நான் வந்தேன். ஒரு மணி நேரப் பயணம். ஆட்டுக்குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று நீ கேட்டாய். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

புதன்கிழமை காலை சமையலறையில் தட்டு உடையும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தெயுரா தரையில் சுருண்டு கிடக்கிறாள். முகம் சாம்பலாக வெளுத்திருந்தது. தொட்டால் அனல். “ரெண்டு நாளா வலிக்குது. நீயே முடியாம கிடக்கிறே, நான் வேற எதுக்குன்னு சொல்லல” என்றாள்.

வெறுங்காலோடு, இரவு உடையோடு கீழே ஓடி மதாம் தொனோனின் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். எனக்கு வந்த பிரெஞ்சு இதுதான்: “தோழன் சாகுது! வயிறு நெருப்பு! கூப்பிடு! கூப்பிடு!” அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஃபோனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பிறகு என்னை முந்திக்கொண்டு மாடியேறி, தெயுராவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார்.

மருத்துவமனையில் டாக்டர் என்னிடம்தான் எல்லாம் கேட்டார். வலி முதலில் எங்கே தொடங்கியது, கடைசியாக என்ன சாப்பிட்டாள், வாந்தி உண்டா? அண்ணா, ஒன்றுக்கும் எனக்குச் சரியாகப் பதில் தெரியவில்லை. மொழி தெரியாததால் அல்ல. கைக்கெட்டும் தூரத்தில் படுத்திருந்தும் நான் சுவரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்!

குடல்வால் வீங்கி வெடிக்க இருந்ததாம். அறுவை முடிந்து, பிழைத்துவிட்டாள் என்று சொல்லும்வரை மதாம் தொனோன் என் கையை விடவில்லை. “தப்புத் தப்பாத்தான் கத்தினே. எனக்கு ஒரு எழுத்து விடாம புரிஞ்சுதுடி” என்று சொல்லி, தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்தினார்.

மறுநாள் மிஷன் தலைவர் ஏற்பாட்டில் தாஹிட்டிக்கு ஃபோன் போட்டார்கள். தெயுராவின் அம்மாவிடம் நான்தான் பேசினேன். “உங்க பொண்ணு நல்லா இருக்கா. தூங்குறா” என்றேன். அந்தப் பக்கம் வெகுநேரம் அழுகை. பிறகு, “நீ சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டார்.

தலைவரிடம் பெட்டி கட்டியதையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். “வீட்டுக்குப் போறது குத்தமில்லம்மா. போகணும்னா நானே ஏற்பாடு பண்றேன். இருக்கணும்னா முதல்ல டாக்டரைப் பாரு, அப்புறம் மெதுவா நட. எதுவானாலும் என் மனசுல நீ ஒரு படி கூட இறங்க மாட்டே” என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். அந்த நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். அப்படி ஒரு தூக்கம் பல வாரங்களாக வரவில்லை.

தெயுரா இப்போது கஞ்சி குடிக்கிறாள், நர்சுகளைக் கேலி செய்கிறாள். நான் ஒரு டாக்டரைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். தெயுரா எழுந்து நடக்கும்வரை கட்டாயம் இருப்பேன். அதற்குமேல் முடிந்தால் இருப்பேன், முடியாவிட்டால் வந்துவிடுவேன். இரண்டையும் பயமில்லாமல் எழுத முடிகிறது பார்.

அண்ணா, தலைவர் எனக்குச் சொன்னதை உனக்கு அன்று யாராவது சொன்னார்களா? நான் சொல்லவில்லை. கொரியாவில் உனக்கு என்ன நடந்தது? மூன்று வருடம் தாமதமாகக் கேட்கிறேன். எத்தனை பக்கமானாலும் எழுது, படிக்கிறேன். எழுத மனம் வராவிட்டால் ‘நலம்’ என்று ஒரு வரி போதும், ஆனால் அது உண்மையாக இருக்கட்டும். கர்த்தர் உன்னை ஒருநாளும் கைவிடவில்லை. நானும் இனி விட மாட்டேன்.

என்றும் உன் அன்புத் தங்கை,
லோர்னா