பஸ்ஸில் வாருங்கள்

காரமடை
18.11.2025

மனிஷா அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் அம்மா வீட்டில் நன்றாக இருக்கிறோம். உங்களை நலம் விசாரிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. போனில் நீங்கள் கத்துகிறீர்கள், நானும் கத்துகிறேன், பாப்பா காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுகிறாள். அதனால்தான் தபால்.

கோத்தகிரி கல்யாணத்தில் உங்கள் வேன் ஸ்டாண்ட் கூட்டாளி முத்துராஜோடு சேர்ந்து பிராந்தியில் அந்த எனர்ஜி டிரிங்க் டின்னை ஊற்றிக் குடித்தீர்கள். எனக்குத் தெரியவே இல்லை. நேராக நடந்தீர்கள், தெளிவாகப் பேசினீர்கள், பாப்பாவிடம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே வேனை ஓட்டினீர்கள். வளைவில் காட்டெருமை நின்றது. "அதா நிக்குது பாரு கண்ணு" என்று முதலில் பாப்பாவுக்குக் காட்டினீர்கள். அப்புறம்தான் பிரேக்கை மிதித்தீர்கள். அதன் மூச்சு நம் கண்ணாடியில் ஆவியாகப் படிந்தது.

நீங்கள் தள்ளாடியிருந்தால் நான் வண்டியில் ஏறியே இருக்க மாட்டேன். இந்தக் கண்றாவி தள்ளாட்டத்தை மட்டும் மறைக்கிறது, போதை உள்ளே அப்படியே இருக்கிறது. அதை விட்டுவிட்டேன் என்று எழுதுங்கள், அடுத்த பஸ்ஸில் வந்துவிடுகிறோம்.

பனி இறங்கியிருக்கும். ஸ்வெட்டர் பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

ராஜப்ரியா


குன்னூர்
24.11.2025

ராஜப்ரியாவுக்கு,

ஸ்வெட்டர் கிடைத்தது. பாப்பாவுக்கு என் முத்தம். உனக்கு ஒன்றும் இல்லை.

உன்னைக் கட்டுவதற்கு முன்பிருந்தே இந்த மலையில் ஓட்டுகிறேன். வண்டியில் ஒரு கீறல் உண்டா? சீசனில் மேட்டுப்பாளையம் இறங்கிய கையோடு அடுத்த பார்ட்டியை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். தூக்கத்துக்கு டின், இடுப்பு வலிக்குப் பிராந்தி. இரண்டும் ஒரே வயிற்றுக்குத்தானே போகிறது, கலந்து குடித்தால் என்ன கேடு?

அந்த டின்னில் இருப்பதுதான் உன் டீயிலும் இருக்கிறது. முந்தின நாள் குடித்துவிட்டுத் தலை தூக்க முடியாமல் கிடப்பேன். பாலில்லாத டீயைக் கருகருவென்று காய்ச்சிக் கொடுத்து, "தெளிஞ்சிருச்சுங்களா? டிரிப்புக்கு நேரமாச்சுங்க" என்று அனுப்பிவைத்தவள் யார்? நீ ஊற்றினால் மருந்து, நான் ஊற்றினால் விஷமா?

குக்கர் கேஸ்கெட் போய்விட்டது. கடைச்சோறு தின்கிறேன். அதற்கும் நீதான் காரணம்.

பாலகுமார்


காரமடை
29.11.2025

மனிஷா அப்பாவுக்கு,

டீ கொடுத்தவள் நான்தான். அதனால்தான் சொல்கிறேன். அதைக் குடித்ததும் உங்கள் தூக்கம் போகும், போதை போகாது. அப்படிக் கிளம்பிய ஒரு காலையில்தானே வேலன் கடைப் பெஞ்சை இடித்துத் தள்ளினீர்கள்? பெஞ்ச் ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தது என்று நீங்கள் சொன்னதை நம்பி, நான் வேறு வேலனிடம் சண்டைக்குப் போனேன். கீறல் இல்லையாம். பெயிண்ட் அடித்தால் கீறல் எப்படித் தெரியும்?

இனி அந்த டீயும் கிடையாது, உங்களுக்காகச் சண்டையும் கிடையாது. எங்களைக் கூட்டிப்போவதானால் பஸ்ஸில் வாருங்கள்.

ராஜப்ரியா


குன்னூர்
9.12.2025

ராஜப்ரியாவுக்கு,

டிரைவர் பாலகுமார் பெண்டாட்டியைக் கூட்டிவரப் பஸ்ஸில் போனான் என்றால் ஸ்டாண்டே கைகொட்டிச் சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமை வேனில்தான் வருவேன். டின்னை விட்டுவிட்டேன், போதுமா? துணிமணியைக் கட்டி வை. பாப்பாவுக்குப் பேக்கரியில் வர்க்கி வாங்கி வைத்திருக்கிறேன்.

பாலகுமார்


காரமடை
15.12.2025

மனிஷா அப்பாவுக்கு,

நேற்று நடந்ததை நீங்கள் ஸ்டாண்டில் வேறு மாதிரி சொல்வீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

வந்து இறங்கினீர்கள். கண் பளிச்சென்று இருந்தது. அம்மாவிடம் அத்தனை மரியாதையாகப் பேசினீர்கள். "மாப்ள நல்லாத்தான இருக்காரு, கெளம்பு" என்று அம்மா என்னைத் திட்டினாள். நானும் மயங்கித்தான் போனேன். புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தேன். பாப்பா அதற்குள் முன் சீட்டில் ஏறிவிட்டாள். வர்க்கிப் பையைத் தேடியவள் சீட்டுக்கடியிலிருந்து டின்னை எடுத்தாள். பாதி இருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, இதுல ஊசி போடறப்போ தடவற மருந்து நாத்தம் அடிக்குது" என்றாள்.

எங்களை ஏற்றிக்கொண்டு மலையேற வந்த உங்களுக்கு அது தேவைப்பட்டதா? அத்தனை கொண்டை ஊசி வளைவையும் அந்த டின்னோடுதானே இறங்கி வந்தீர்கள்? இதை எழுதும்போதும் உங்களை அறைய வேண்டும் போல இருக்கிறது.

சாவியை உருவியது நான்தான். "ஒரு டிரைவரப் பஸ்ஸுல போகச் சொல்றியாடி?" என்று தெருவே பார்க்கக் கத்தினீர்கள். கத்துங்கள். என் அண்ணன் ஆறுச்சாமி உங்கள் பின்னாலேயே வந்து பஸ் ஏற்றிவிட்டான். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று முத்துராஜ் போனில் சொன்ன பிறகு படுத்தேன். நீங்கள் மலையில் இருக்கும்போது கண்ணயர்வது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நேற்று ராத்திரி படுத்தவள் விடியும்வரை தூங்கினேன்.

வேன் இங்கே புளியமரத்தடியில் நிற்கிறது. பாப்பா முன் சீட்டில் உட்கார்ந்து வர்க்கி தின்கிறாள். அந்தச் சீட்டில் அவளை நான் பயமில்லாமல் உட்காரவிட்டிருப்பது இப்போதுதான்.

சாவி என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் பஸ்ஸில் வாருங்கள்.

ராஜப்ரியா