நீலப்பூ போட்ட சில்லு

நாகர்கோவில், 1931

அன்புள்ள அம்மைக்குத் தோத்திரம். உங்கள் இருமல் குறைந்ததா? நான் சுகம். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பழைய பண்ணையில் அடிமைகள் குடியிருந்த இடத்தில்தான் எங்கள் பள்ளி விடுதி நிற்கிறது. இன்று கிணறு தோண்டியபோது, கரிபிடித்த சட்டித் துண்டுகளோடு நீலப்பூ போட்ட பீங்கான் துண்டு ஒன்றும் வந்தது.

“எங்க வீட்டுத் தட்டு. அடிமைப் பயலுவ களவெடுத்திருப்பானுவ,” என்றாள் பண்ணைக் குடும்பத்துத் தங்கநேசம்.

“இல்லட்டி. ஓரத்த உரைச்சு வட்டமாக்கியிருக்கு பாரு. நீங்க உடைச்சு எறிஞ்சத எடுத்து, பாண்டி விளையாடச் சில்லு செஞ்சிருக்காவ,” என்றேன் நான்.

“அவனுவளுக்காக நீ ஏன் பேசுக?”

நீங்கள் சொல்லக்கூடாது என்றதைச் சொல்லிவிட்டேன், அம்மை. “எங்க ஆளுவளும் அடிமையாத்தான் கெடந்தாவ.”

பயப்பட ஒன்றுமில்லை. நாங்கள் இருவரும் படுக்கும் பாயைச் சுருட்டிக்கொண்டு தங்கநேசம் அடுத்த அறைக்குப் போய்விட்டாள், அவ்வளவுதான். எனக்கென்று ஒரு பாய் அனுப்புங்கள். சின்னது போதும்.

உங்கள் மகள்,
ஞானசெல்வம்.

விளக்கை அணைத்துவிட்டார்கள்; இதை நிலா வெளிச்சத்தில் எழுதுகிறேன்.